வலிக்குப் பயந்து சிசேரியன் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 36-வது வாரம் நடக்கிறது, தலைப்பிரசவம். எல்லாம் நார்மல், சுகப்பிரசவம் ஆகும் என்கிறார் டாக்டர். எனக்கோ வலியை நினைத்தாலே நடுக்கம். சிசேரியனே செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மாமியார் ஜோசியரிடம் நாளும் நேரமும் குறித்து வாங்கி வந்துவிட்டார். கணக்குப் பார்த்தால் அன்றைக்கு 37 வாரம் 4 நாள், விடிகாலை 4.10 மணி. ஒத்துக்கொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சிசேரியன் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தேதியில்தான் வேண்டும் என்று கேட்க மாமியாருக்கும் இல்லை, ஜோசியருக்கும் இல்லை.

வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் முழுக்க நீர். வலி எடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை உறிஞ்ச வைக்கின்றன. வலியே காணாமல் எடுத்தால் கணிசமான நீர் உள்ளேயே தங்கிவிடலாம். அப்படித் தங்கினால், கொஞ்ச நேரத்தில் மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் ஓடும், மூக்கு விடைக்கும், விலாவுக்கு அடியில் குழி விழும், குழந்தை முனகும். உடனே ஐ.சி.யு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்; அதற்குள் சீம்பால் கொடுக்கும் நேரம் போயிருக்கும், பில்லும் ஏறியிருக்கும். டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான பிரசவங்களை வைத்துப் பார்த்ததில், வலி வருமுன் 37-வது வாரத்தில் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுக் கோளாறுகள், சுகப்பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களின் குழந்தைகளைவிட சுமார் 4 மடங்கு. 38-ல் 3 மடங்கு, 39-ல் 2 மடங்கு. அவசியம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியுமுன் செய்யாதீர்கள் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

அந்த 39-ஐயும் கடைசி மாதவிலக்குத் தேதியை மட்டும் வைத்து எண்ணாதீர்கள். மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். இரண்டு கணக்கும் ஒரு வாரத்துக்கு மேல் விலகினால் ஸ்கேன் கணக்குதான் செல்லும். இதைப் பார்க்காமல் விட்டால், 37 வாரம் என்று நீங்கள் நம்புவது உண்மையில் 36 ஆகவும் இருக்கலாம்.

விடிகாலை 4.10 பற்றியும் சொல்லியாக வேண்டும். தியேட்டரில் மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், அசிஸ்டென்ட், நர்ஸ் என்று ஒரு பட்டாளமே வேண்டும். ரத்தம் தயாராக இருக்க வேண்டும். பகலில் இது சுலபம். தூக்கத்தில் எழுப்பி வரவழைத்த டீமை வைத்து, அவசரமே இல்லாத ஆபரேஷனை ஏன் செய்ய வேண்டும்?

இனி உங்கள் உடம்பு. தோல், கொழுப்பு, தசை உறை, வயிற்றுச் சவ்வு, கர்ப்பப்பை என்று வரிசையாகத் திறந்து, வரிசையாகத் தைப்பார்கள். முதல் சிசேரியன் பெரும்பாலும் நல்லபடியாக முடியும். சிறுநீர்க் கசிவு, பிறப்புறுப்புக் கிழிசல் போன்ற தொல்லைகள் அதில் குறைவு என்பதும் உண்மை. சிக்கல் அடுத்த பிள்ளையில்தான். நஞ்சுக்கொடி (பிளாசென்டா), பழைய தழும்பின் மேல் கீழிறங்கி உட்கார்ந்தால் கர்ப்பப்பைத் தசைக்குள் வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம். அப்படிக் கீழே உட்கார்ந்த நஞ்சுக்கொடியோடு இரண்டாவது சிசேரியனுக்கு வருபவர்களில் 100-க்கு 11 பேருக்கு இது நேர்கிறது, மூன்றாவதில் 40 பேருக்கு. பிரிக்க முயன்றால் ரத்தம் கொட்டும்; கடைசியில் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். ஒரு குழந்தையோடு நிறுத்துபவருக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. இரண்டு மூன்று வேண்டும் என்பவர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

உங்களுக்கு வேண்டியது கத்தியா, வலியிலிருந்து விடுதலையா? வலிதான் பயம் என்றால் எபிடியூரல் இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டி மெல்லிய குழாய் வைத்து, பிரசவம் முடியும்வரை மருந்து செலுத்துவார்கள். கடைசிக் கட்டம் சற்று நீளலாம்; அதனால் சிசேரியன் கூடுவதில்லை. ராத்திரியிலும் மயக்க டாக்டர் உண்டா, தனிக் கட்டணம் எவ்வளவு என்று இந்த வாரமே கேளுங்கள். ‘அதெல்லாம் இங்கே கிடையாது’ என்றால், வேறு ஆஸ்பத்திரி பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் நடுக்கம் தீராவிட்டால் சிசேரியன் கேளுங்கள். அதற்காக உங்களைக் கோழை என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன். தனியாரில் 64, அரசு ஆஸ்பத்திரியில் 36. ‘தாய்மார்களே கேட்கிறார்கள்’ என்பது இதற்கு வசதியான பதில். ‘கொடி சுற்றியிருக்கு’ என்று சொல்லிப் பயமுறுத்தியே கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் சுற்றியிருப்பது சாதாரணமாகக் காண்பது. அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

ஜோசியரை விட முடியாது என்றால், மாமியார் 39 வாரம் முடியும் தேதியை எழுதிக்கொண்டு போகட்டும். அதற்குப் பிந்தைய நாட்களில், பகல் வேளையில் மட்டும் நேரம் கேட்கட்டும். அதற்கு முன்பே பனிக்குடம் உடைந்தாலோ, வலி கண்டாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ பஞ்சாங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.