கட்டிங் மெஷின் தள்ளித் தள்ளி வெட்டுதா? வாசகர் கேள்விகளுக்கு பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல காலிபரேஷன், அதாவது மெஷின் சரியான இடத்துல வெட்டுறதுக்கு அளவு சரி பண்றது பத்திதான். வீட்ல கிராஃப்ட் பண்றவங்க கம்ப்யூட்டர்ல போட்ட வடிவத்தை பேப்பர்லயும் ஸ்டிக்கர் ஷீட்லயும் வெட்டித் தர்ற கட்டிங் மெஷினை ஆசையா வாங்கிட்டு, அது கோட்டை விட்டு விலகி வெட்டும்போது எவ்ளோ மனசு ஒடிஞ்சு போறாங்கனு உங்க எழுத்துலயே தெரியுது, அதனால இந்த பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, நான் ஸ்டிக்கர் பிரிண்ட் எடுத்து மெஷின்ல வெட்டுறேன். கொஞ்ச நாளா ஒரு பக்கம் வெள்ளை ஓரம் தெரியுது, எதிர்ப்பக்கம் படமே வெட்டுப்பட்டுப் போகுது. காலிபரேஷன் நாலு தடவை பண்ணிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது. மெஷின் போச்சா?

பதில்: போகலைங்க, பயப்படாதீங்க. நீங்க எழுதினதுலயே விடை இருக்கு, "ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது"னு சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷயமே. பிரிண்ட் பண்ணி வெட்டுறதுக்கான காலிபரேஷன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். படத்தோட சேர்ந்து பிரிண்ட் ஆகுற கறுப்பு அடையாளத்தை, அதாவது மார்க்கைப் பார்க்குற சென்சார் மெஷின்ல ஒரு இடத்துல இருக்கு, பிளேடு அதுக்குப் பக்கத்துல வேற இடத்துல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் இவ்ளோதான்னு மெஷினுக்கு சரியா சொல்லிக் கொடுக்குறோம், அவ்ளோதான் வேலை. அப்போ வெட்டு எப்பவும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளிப் போச்சுன்னாதான் காலிபரேஷன் அதை சரி பண்ணும். இன்னிக்கு இடது பக்கம், நாளைக்கு மேல் பக்கம்னு மாறி மாறி விழுந்தா எங்கயோ ஏதோ ஆடுது, ஆடுற ஒண்ணை வச்சுக்கிட்டு எத்தனை தடவை அளந்தாலும் அளவு நிக்காது.

அதனால முதல்ல ஆடுறதைத் தேடுங்க. பிளேடு ஹோல்டரை எடுத்துட்டு திரும்ப மாட்டுங்க, கிளாம்ப் முழுசா மூடுதான்னு பாருங்க. எனக்கே ஒரு தடவை ரெண்டு நாள் இப்படி போச்சு, கடைசியில பார்த்தா ஹோல்டர் உட்கார்ற இடத்துல ஒரு துளி ஸ்டிக்கர் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதனால ஹோல்டர் லேசா சாய்ஞ்சு நின்னுருக்கு. அடுத்து மேட், அதாவது பேப்பரை ஒட்டி மெஷினுக்குள்ள விடுற பசைத் தட்டு. பசை போயிட்ட மேட்ல பேப்பர் வெட்டும்போதே நகரும், பார்க்கும்போது ஒட்டுன மாதிரிதான் இருக்கும், ஆனா பிளேடு இழுக்கும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலே போதும். ரோலர்லயும் பேப்பர் தூசி படிஞ்சிருந்தா மேட் வழுக்கும், துடைச்சு விடுங்க.

இதெல்லாம் முடிஞ்சதும் ஒரு ஷீட்ல நாலு மூலையிலயும் நடுவுலயும் ஒரே அளவுல அஞ்சு சின்ன சதுரம் வச்சு பிரிண்ட் எடுத்து வெட்டுங்க. அஞ்சும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளி இருந்தா இப்போ காலிபரேஷன் பண்ணுங்க, நிச்சயம் பிடிக்கும். ஒரு மூலையில சரியா இருந்து எதிர் மூலைக்குப் போகப் போக விலகல் கூடிக்கிட்டே போச்சுன்னா அது மெஷின் தப்பு இல்ல, பிரிண்டர் படத்தை சுருக்கியிருக்கு. பிரிண்ட் பண்ணும்போது 'பக்கத்துக்கு ஏத்த மாதிரி பொருத்து'ங்கிற மாதிரி ஒரு செட்டிங் தானா ஆன் ஆகியிருக்கும், அதை எடுத்துட்டு 100 சதவீதம்னு வைங்க. 97 சதவீதத்துல பிரிண்ட் ஆனா 200 மில்லிமீட்டர் கோடு 194 மில்லிமீட்டராத்தான் வரும், 6 மில்லிமீட்டர் போச்சு, எந்த காலிபரேஷனும் இதைக் காப்பாத்தாது. ஒரு ஸ்கேல் வச்சு பிரிண்ட்ட அளந்துட்டாலே ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும், ஆனா யாருமே இதை அளக்குறதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். இன்னொண்ணு, பேப்பர் ஏ4 ஆ இருந்து சாஃப்ட்வேர்ல லெட்டர்ங்கிற அமெரிக்க பேப்பர் அளவு இருந்தாலும் இதே கதைதான். ஏ4 வந்து 210க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் 216க்கு 279, ரெண்டும் பார்வைக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும், பிரிண்டருக்கு ரெண்டும் வேற.

காலிபரேஷன் பண்ணும்போது எந்த பிரிண்டர்ல ஸ்டிக்கர் எடுப்பீங்களோ அதே பிரிண்டர்ல, பளபளப்பு இல்லாத வெள்ளை பேப்பர்ல எடுங்க, இங்க் நல்லா காயட்டும். கிரிகட் மாதிரி மெஷின்ல வரிசையா கோடு அடிச்சு வரும், பிளேடு அது மேல வெட்டிட்டுப் போகும், எந்த கோட்டுல வெட்டு நடுவுல விழுந்திருக்குன்னு பக்கவாட்டு வரிசைக்கு ஒண்ணும் மேல்வரிசைக்கு ஒண்ணும் நீங்க சொல்லணும். வெட்டு கண்ணுக்குத் தெரியலைன்னா லைட்டை சாய்வா பிடிங்க, பேப்பரை மேட்ல இருந்து பிரிச்சுடாதீங்க, மெஷின் அடுத்து திரும்ப வெட்டிக் காட்டும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல சந்தேகம் வந்தா ஒண்ணை சொல்லிட்டு அடுத்த வெட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க. எல்லாம் சரி பண்ணின பிறகும் மயிரிழை வெள்ளை ஓரம் வருதுன்னா படத்தோட நிறத்தை கோட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வெளிய நீட்டி விடுங்க, ப்ளீட்னு சாஃப்ட்வேர்லயே இருக்கும். கடையில விக்கிற ஸ்டிக்கருக்கும் இதைத்தான் பண்றாங்க, இது ஏமாத்து வேலை இல்ல.

கேள்வி: மேடம், காலிபரேஷன் வரைக்கும் போகவே முடியல, மெஷின் மார்க்கைக் கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லி நின்னுடுது. லேமினேட் பண்ணின ஷீட்.

பதில்: லேமினேட் பண்ணினதுதான் காரணம். சென்சார் மார்க் மேல வெளிச்சம் அடிச்சு, கறுப்பு எங்க வெள்ளை எங்கனு பார்க்குது. பளபளப்பான பரப்புல கறுப்பும் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், சென்சாருக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும். மார்க் இருக்குற இடத்தை மட்டும் விட்டுட்டு லேமினேட் பண்ணுங்க, ஏற்கனவே பண்ணியாச்சுன்னா மார்க் மேல மங்கலான செலோ டேப் ஒட்டிப் பாருங்க, பளபள டேப் இல்ல, பேனாவுல எழுத முடியுற மாதிரி இருக்குமே அந்த டேப். ஜன்னல் வெயிலோ மேஜை விளக்கோ நேரா மெஷின் மேல விழுந்தா அதையும் மறைங்க. பிரிண்ட் வெளிறிப்போயிருந்தா கறுப்பு மார்க்கர்ல மார்க்கை நிரப்பலாம், ஆனா கோட்டை விட்டு வெளிய போகாம, ஏன்னா அந்த ஓரத்தை வச்சுத்தான் மெஷின் கணக்குப் போடுது. சில்லவுட் மெஷின்ல மூணு மார்க் இருக்கும், ஒரு கறுப்பு சதுரமும் ரெண்டு மூலைக்கோடும், அதுக்கு மேலயோ ரொம்பப் பக்கத்துலயோ படம் எதுவும் வராம வைங்க. சென்சார் கண்ணையும் மெல்லிசு பிரஷ்ல ஒரு தடவை தட்டி விடுங்க.

கேள்வி: அக்கா, காலேஜ் படிக்கிறேன், வினைல்ல, அதான் ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட்ல, எழுத்து வெட்டுறேன். வட்டம் ஆரம்பிச்ச இடத்துல வந்து சேரவே மாட்டேங்குது, கூர் முனையெல்லாம் மழுங்கிடுது. காலிபரேட் பண்ணவா?

பதில்: வேண்டாம் தம்பி, இது வேற விஷயம். இந்த பிளேடோட முனை நடு அச்சுல இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளும்போது சக்கரம் பின்னாடி திரும்பிக்கிட்டு வருமே, அதே மாதிரி பிளேடு போற பக்கம் தானா திரும்பிக்கும். இந்த தள்ளி இருக்குற அளவை சாஃப்ட்வேர் கணக்குல சேர்த்து மூலையில ஒரு சின்ன வளைவு போட்டுத் திருப்பும். நீ சாஃப்ட்வேர்ல வெட்டுறதுக்கு பதிலா வரையிற பேனான்னு வச்சுட்டு மெஷின்ல பிளேடு மாட்டியிருந்தா அந்த கணக்கே நடக்காது, முனை மழுங்கும், வட்டம் சேராது, அதை முதல்ல பாரு. அது சரியா இருந்தா ஹோல்டரைக் கழட்டி உள்ள நார் சிக்கியிருக்கான்னு பாரு, பிளேடை விரலால தொடாம பிரஷ்ஷாலயோ ஊதியோ எடு, பிளேடு லேசாத் தட்டினாலே சுத்தணும். அப்புறம் வேகத்தைக் குறை, சின்ன எழுத்துக்கு வேகம் எமன். ஓவர்கட்னு ஒரு ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணு, ஆரம்பிச்ச இடத்தை ஒரு துளி தாண்டி வெட்டி முடிக்கும். ஆழத்தைக் கூட்டிக்கிட்டே போகாத, நிறைய பேர் அங்கதான் தப்பு பண்றாங்க, பிளேடு அதிகமா வெளிய நீட்டினா இழுவை கூடி மூலை இன்னும் கெட்டுப்போகும், மேட்டும் கிழியும். வினைல் மட்டும் வெட்டுப்பட்டு பின்பக்க பேப்பர்ல லேசா தடம் மட்டும் விழுந்தா அதுதான் சரியான ஆழம்.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒரு தடவை காலிபரேட் பண்ணணும்?

பதில்: நாள் கணக்கே கிடையாது. பிரிண்டர் மாறினா, பேப்பர் வகை மாறினா, மெஷினைத் தூக்கி இடம் மாத்தினா, வெட்டு விலகுறதைக் கண்ணால பார்த்தா பண்ணுங்க. கிரிகட் மேக்கர் வச்சிருக்கவங்க கனமான நைஃப் பிளேடுக்கும் துணி வெட்டுற ரோட்டரி பிளேடுக்கும் தனித்தனியா காலிபரேஷன் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, பிரிண்ட் வேலைக்குப் பண்ணினது இதுங்களுக்கு சேராது.

கேள்வி: மேட் இல்லாம வினைல் ரோலை நேரா விட்டு நீளமா வெட்டினா போகப் போக சாய்ஞ்சுக்கிட்டே போகுது. இதுக்கு என்ன காலிபரேஷன்?

பதில்: இதுக்கு காலிபரேஷன் இல்லைங்க, லோட் பண்ற முறைதான். ஆரம்ப ஓரம் கோணலா இருந்தா முதல் கோணல் கடைசி வரைக்கும் கூடவே வரும், அதனால ஸ்கேல் வச்சு நேரா வெட்டிட்டு உள்ள விடுங்க. ரெண்டு பக்க ரோலரும் வினைல் மேல ஏறி நிக்கணும், ஒரு ரோலர் வினைல்லயும் இன்னொண்ணு வெளியவும் நின்னா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுத்தான் போகும். ரோல் கனத்தை மெஷின் இழுக்க விடாதீங்க, வெட்டப்போற நீளத்தை முன்னாடியே விரிச்சு பின்பக்கம் தளர்வா விட்டுருங்க. அப்புறம் வெட்டாம அந்த நீளத்துக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்க, திரும்பி வரும்போது ஓரம் ரோலர்ல இருந்து முதல்ல இருந்த அதே தூரத்துல நின்னா வெட்ட ஆரம்பிக்கலாம், நிக்கலைன்னா வெளிய எடுத்து திரும்ப லோட் பண்ணுங்க.