தீபாவளி விடுமுறைக்கு லண்டனா, டோக்கியோவா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தீபாவளி விடுமுறையில் பத்து நாள் முதன்முதலாக வெளிநாடு போகிறோம். அவருக்கு லண்டன் ஆசை: சிறு வயதில் படித்த ஆங்கில நாவல்கள், லார்ட்ஸ் மைதானம். எனக்கு டோக்கியோ, காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இருவரும் சுத்த சைவம். "அங்கே பாஷையும் தெரியாது, சாப்பாடும் கிடைக்காது" என்கிறார் அவர். இரண்டு ஊரையும் ஐந்தைந்து நாள் பார்த்துவிடச் சொல்கிறார் என் நாத்தனார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாத்தனாரின் யோசனையைத் தள்ளிவிடுவோம். நவம்பரில் லண்டன் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். டோக்கியோ மூன்றரை மணி முன்னால். பத்து நாளுக்குள் இந்த இரண்டு கடிகாரத்துக்கும் உடம்பைப் பழக்குவது இருபது வயதிலேயே கஷ்டம்.

எந்த ஊர் உசத்தி என்று வாதாடுவதை விட்டுவிட்டு, எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள். வழக்கு பாதி தீர்ந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதன்பின் மாலை நாலரைக்கே சூரியன் மறையும். பகலிலும் மேகமும் தூறலும்தான் அதிகம். கிரிக்கெட் பருவமோ செப்டம்பரோடு முடிந்திருக்கும். நவம்பரில் லார்ட்ஸுக்குப் போனால் வழிகாட்டியோடு மைதானத்தைச் சுற்றிப் பார்க்கலாம், அருங்காட்சியகத்தில் ஆஷஸ் கலசத்தைத் தரிசிக்கலாம், ஆட்டம் கிடையாது. அதே லண்டன் மே மாதக் கடைசியில் வேறு ஊர்: இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம், மைதானங்களில் ஆட்டம். உங்கள் பள்ளிக்கும் அப்போது விடுமுறைதான்.

டோக்கியோவுக்கு மே சரிப்படாது. மாதத் தொடக்கத்தில் நாடே விடுமுறை எடுத்து ஊர் சுற்றும். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். நவம்பரில் பெரும்பாலும் தெளிந்த வானம், ஈரமில்லாத காற்று. ஒரு ஸ்வெட்டரும் மெல்லிய கோட்டும் போதும். அங்கும் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்பதை மறைக்க மாட்டேன். ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் நவம்பர் 1 முதல் 15 வரை செவ்வந்திக் கண்காட்சி நடக்கும். ஒரே செடியில் நூற்றுக்கணக்கான பூக்களை வரிசை பிசகாமல் பூக்க வைத்திருப்பார்கள். மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கிமோனோ உடுத்தி மேய்ஜி ஆலயத்துக்கு அழைத்து வரும் மாதமும் அதுதான்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு டோக்கியோ. காரணம் சொல்லத் தெரியவில்லை என்று தயங்காதீர்கள். நாவலில் படித்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் பெரிய காரணமா என்ன?

அவர் சொல்வதில் சாப்பாட்டுப் பயம் நியாயமானது. கண்ணுக்குத் தெரியும் மீனை ஒதுக்கிவிடலாம். தெரியாமல் வருவதுதான் தொல்லை. காய்ந்த மீனைச் சீவி வெந்நீரில் இறக்கும் 'தாஷி' என்ற சாறு, நம் சமையலில் புளிக்கரைசல் போல, அங்கே எதிலும் இருக்கும். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் மிதக்கும் சாறு, நம் பஜ்ஜி மாதிரியான காய்கறி தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவது, எல்லாவற்றிலும் அதுதான். வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு அதே சாற்றோடு அன்பாகக் கொடுப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' சமையல் உங்களுக்காகவே அமைந்தது. அதில் தாஷி கடற்பாசியிலும் காளானிலும் செய்வது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஷின்ஜுகுவிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் தகாவோ மலை. கேபிள் கார் ஏறினால் பாதி ஏற்றம் குறையும். மேலே யாகுஓயின் கோயிலில் முன்பதிவு செய்தால் இந்தச் சாப்பாடு கிடைக்கும். அன்றாடப் பசிக்கு நிஷி கசாய் பகுதி இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் இடம்; இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் உண்டு.

அடுப்பு வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். இங்கிருந்து மின்சார குக்கரைத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கரில் சோறு வேகாது. புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள், பக்கத்து வீட்டு குஜராத்திச் சகோதரியிடம் சொல்லித் தேப்லா ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை கூடாது: பச்சை இலை, காய், பழம் எதுவும் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

பாஷை பெரிய தடையில்லை. ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலமும் உண்டு, நிலையத்துக்கு நிலையம் எண்ணும் உண்டு. மும்பை தாதர் ரயில் நிலையத்தில் ஏறி இறங்கியவருக்குக் கூட்டம் புதிதல்ல. காலை நெரிசலில் சில தடங்களில் பெண்கள் பெட்டிகூட உண்டு. ஷின்ஜுகு நிலையத்தில் மட்டும் கவனம். அங்கே 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். எந்த வாசலில் வெளியேறுவது என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

அவரைச் சமாதானப்படுத்த ஜிம்போச்சோ பகுதியில் ஒரு பகல் ஒதுக்குங்கள். தெரு நெடுகப் பழைய புத்தகக் கடைகள், சிலவற்றில் ஆங்கில நூல்களும் கிடைக்கும். உவேனோ பூங்காவின் குளத்துக்கு நடுவே பென்தென் கோயில். நம் சரஸ்வதிதான், பல உருவங்களில் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம். நவம்பரில் குளத்துத் தாமரைகள் காய்ந்திருக்கும், பரவாயில்லை. அசகுசாவில் மத்சுச்சியாமா கோயிலில் பிள்ளையாரும் இருக்கிறார், காங்கிதென் என்ற பெயரில். நைவேத்தியம் முள்ளங்கி, உருவத்தை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை.

அவரிடம் மே மாத லண்டனை வாய்வார்த்தையாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். டோக்கியோ டிக்கெட் எடுக்கும் அன்றே லண்டனுக்கென்று ஒரு ரெக்கரிங் டெபாசிட் தொடங்கிவிடுங்கள். வங்கிக்காரர், அதைத்தான் நம்புவார்.