ஞாபகத்துக்கு வேணுங்கிற கதவை மாத்திரை போட்டு ஏன் அடைக்கிறாங்க?

கேள்வி: எங்கம்மாவுக்கு 74 வயசு. அல்சைமர்னு சொல்லி மெமான்டைன் எழுதிக் குடுத்திருக்காங்க. டப்பாவுக்குள்ள இருந்த தாள்ல குளுட்டமேட் ரிசெப்டாரைத் தடுக்கும்னு போட்டிருக்கு, ஆனா தேடிப் பாத்தா ஞாபகம் பதியுறதே அந்த ரிசெப்டாராலதான்னு இருக்கு. ஏற்கனவே மறதி, இதுல இது வேறயா? நிறுத்திடலாமா? அஜினோமோட்டோவை மட்டும் நிறுத்தியாச்சு.

பதில்: நீங்களா நிறுத்திடாதீங்க. நீங்க படிச்ச ரெண்டுமே சரிதான், நடுவுல ஒரு சமாச்சாரம் விட்டுப்போச்சு.

ஒரு மூளை செல் பக்கத்து செல்லை உசுப்பணும்னா பெரும்பாலும் குளுட்டமேட்டைத்தான் கொட்டும். வாங்குற செல்லுல ஆம்பான்னு ஒரு ரிசெப்டார் (சேதியை வாங்குற கதவு மாதிரி ஒரு புரதம்), குளுட்டமேட் ஒட்டுன உடனே திறந்து சோடியத்தை உள்ள விட்டுடும், மில்லிசெகண்ட் வேலை. பக்கத்துலயே இருக்கிற என்எம்டிஏ ரிசெப்டார் (உங்க தாள்ல சொன்னது இதைத்தான்) கொஞ்சம் பிகு பண்ணும். குளுட்டமேட் வந்து ஒட்டினாலும் அதோட ஓட்டையில ஒரு மெக்னீசியம் அயனி கார்க் மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்கும், ஆம்பா வழியா சோடியம் நிறைய வந்து செல்லோட வோல்டேஜ் ஏறுனாத்தான் அந்த கார்க் கழலும். அதாவது அனுப்புறவனும் கத்தணும், கேக்குறவனும் முழிச்சிருக்கணும், ரெண்டும் ஒரே சமயத்துல நடந்தாத்தான் கால்சியம் உள்ள வரும்.

இந்த கால்சியம்தான் ஆட்டமே. செல்லுக்கு வெளிய இருக்கறதுல கிட்டத்தட்ட 10,000-ல ஒரு பங்குதான் உள்ள இருக்கும், அதனால துளி வந்தாலும் செல்லுக்குத் தெரிஞ்சுடும். வந்த கால்சியம் கால்மாடுலின்ங்கிற புரதத்தோட சேரும், அது போய் காம்கே-2ங்கிற என்சைமை எழுப்பும். எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இது: அந்த என்சைம் தன் மேலயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிக்கும், அதனால கால்சியம் வடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் வேலையை விடாது. இன்னும் நாலு ஆம்பாவை அந்த இடத்துக்கு இழுத்துட்டு வரும், அடுத்த தடவை அதே சேதி வந்தா பதில் பெருசா இருக்கும். சிக்னல் திரும்பத் திரும்ப பலமா வந்தா சேதி நியூக்ளியஸ் வரைக்கும் போயி, க்ரெப்னு ஒரு புரதம் ஜீன்களை ஆன் பண்ணி, இணைப்பு நிலைச்சு நிக்கும். 1973-ல ப்ளிஸ், லோமோன்னு ரெண்டு விஞ்ஞானிங்க முயல் மூளையில பாத்து எழுதினது இப்படி இணைப்பு பலப்படறதைத்தான், உள்ள நடக்கிற கணக்கு பின்னாடிதான் புரிஞ்சுது.

ஆனா அதே கால்சியம் கம்மியா ரொம்ப நேரம் கசிஞ்சா கால்சினியூரின்னு வேற என்சைம் முழிச்சுக்கிட்டு இணைப்பைத் தளர்த்தும். எக்கச்சக்கமா வந்துக்கிட்டே இருந்தா கால்பெய்ன் செல்லோட சட்டத்தையே வெட்டும், செல்லுக்கு சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா படுத்துடும், செல் செத்துடும்.

அல்சைமர்ல குளுட்டமேட் முழுசா வடியாம தேங்கி, இந்த என்எம்டிஏ கதவு லேசா திறந்தே கிடக்குதுங்கிற கருத்துலதான் இந்த மாத்திரையே குடுக்கறாங்க. நாள் பூரா கெட்டிமேளம் கொட்டிக்கிட்டே இருந்தா தாலி எப்பக் கட்டுனாங்கன்னு யாருக்குத் தெரியும்? மெமான்டைன் அந்த மெக்னீசியம் நிக்கிற இடத்துக்கிட்டயே போய் நின்னு கசிவை நிறுத்தும், நிஜமான பலமான சிக்னல் வந்தா சட்டுனு இறங்கி வழி விட்டுடும். கீட்டமைனும் இதே ஓட்டையைத்தான் அடைக்கும், ஆனா லேசுல இறங்காது, அதான் அது மயக்க மருந்து. அதுக்காக இது நோயைத் திருப்பிடும்னு நம்பிடாதீங்க, பலன் ஓரளவுதான்.

அஜினோமோட்டோவும் குளுட்டமேட் உப்புதான், ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சாப்பாட்டுல வர்ற குளுட்டமேட்டுல பெரும்பங்கை குடல் செல்களே எரிச்சுடும், மீதி மூளைக்குள்ள லேசுல நுழைய முடியாது. தக்காளியிலயும்தான் அது இருக்கு, அம்மாவுக்கு ரசத்தை நிறுத்துவீங்களா?

கவனிக்க வேண்டியது வேற. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் சிரப்பும் இதே ரிசெப்டாரைத் தொடும், டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. நெஞ்செரிச்சலுக்கு அடிக்கடி சோடா உப்பு பவுடர் கரைச்சுக் குடிச்சா மருந்து சிறுநீர்ல சரியா வெளியேறாம உடம்புலயே தங்கிடும். கிட்னி வீக்கா இருந்தாலும் அப்படித்தான், அதனால அடுத்த தடவை போறப்ப கிரியாட்டினின் ரிப்போர்ட்டை (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) மறக்காம கையில எடுத்துட்டுப் போங்க.