புதிய கேமரா வாங்காமல் காணொளியின் தரத்தை உயர்த்த முடியுமா?

கையில் இருக்கும் கைபேசியிலோ பழைய கேமராவிலோ எடுக்கும் காணொளி, தொழில் தெரிந்தவர் எடுத்ததுபோல் அமைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பதினொரு ஆண்டுகளாகத் திருமணங்களையும் காதுகுத்து விழாக்களையும் படம்பிடித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேமரா தானாக எடுத்துக்கொள்ளும் முடிவுகளை ஒவ்வொன்றாக உங்கள் கைக்குக் கொண்டுவருவதே முதல் வேலை. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் கூடிக் குறைவதும், நிறம் மாறுவதும், ஃபோகஸ் தேடி அலைவதும்தான் ஒரு காணொளியைக் கற்றுக்குட்டி வேலையாகக் காட்டிக்கொடுக்கின்றன.

வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள, மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு ஒரு காலையில் போய் வாருங்கள். குவித்து வைத்த மல்லிகைக்கு அருகே கேமராவைத் தானியங்கி முறையில் வைத்தால், பூ வெண்மையாக வராமல் சாம்பல் படிந்ததுபோல் வரும். காட்சியில் எது நிறைந்திருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதே ஒளியளவியின் கணக்கு. அதற்கு மல்லிகையும் தெரியாது, கருங்கல் தூணும் தெரியாது. ஆகவே மல்லிகைக்கு ஒரு ஸ்டாப் கூட்டியும் (அதாவது ஒளியை இரு மடங்காக்கியும்), கருங்கல்லுக்கு ஒரு ஸ்டாப் குறைத்தும் (பாதியாக்கியும்) வைக்க வேண்டும். வியாபாரி கூரை நிழலிலும் அவருக்குப் பின்னால் வெயிலும் இருந்தால், இரண்டையும் காப்பாற்ற முயலாமல் முகத்துக்கு அளவு வைத்துப் பூட்டிவிடுங்கள், அல்லது இரண்டடி நகர்ந்து வெயில் பின்னணியில் வராத கோணத்தைப் பிடியுங்கள். நான் பெரும்பாலும் நகர்ந்துவிடுவேன். பெரும்பாலான கைபேசிகளில், திரையில் முகத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

ஷட்டர் வேகம், அதாவது காணொளியின் ஒவ்வொரு பிரேமும் (தனிப் படமும்) ஒளியை வாங்கும் நேரம், பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதை அறியாமல் ஒரு குடும்பத்தின் விழாவையே நான் கெடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், அமெரிக்கர் ஒருவரின் பாடத்தைப் பார்த்து, விநாடிக்கு 30 பிரேம், ஷட்டர் 1/60 விநாடி என்று வைத்து, உசிலம்பட்டி மண்டபம் ஒன்றில் காதுகுத்து எடுத்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை அமர்ந்திருந்த காட்சி முழுவதும் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த நாளை மறுபடியும் எடுத்துத் தர வழியில்லை. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, நம் நாட்டில் 50. அதனால் நம் மண்டபத்துக் குழல்விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால், ஒவ்வொரு பிரேமிலும் அந்தத் துடிப்பு முழுமையாக அடங்கி, பட்டைகள் மறைந்துவிடும். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்ற அளவு இன்னொரு வகையிலும் பொருந்துகிறது: ஷட்டரின் கீழ் எண் பிரேம் எண்ணிக்கைக்கு இரு மடங்காக (25-க்கு 50) இருக்கும்போது, அசைவில் சிறிது மங்கல் சேர்ந்து, திரைப்படங்களில் நாம் பார்த்துப் பழகிய ஓட்டம் கிடைக்கிறது. உச்சி வெயிலில் இதே அளவை வைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால், அங்கே ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை லென்ஸின் முன் பொருத்த வேண்டும். பணம் செலவழிப்பதென்றால் முதலில் இதற்கும், உறுதியான ஒரு முக்காலிக்கும், சட்டைக் காலரில் மாட்டும் மைக்குக்கும் செலவழியுங்கள்.

நிறத்தையும் இப்படியே பூட்ட வேண்டும். மஞ்சள் மேடை விளக்கு ஏறக்குறைய 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு), பகல் வெளிச்சம் 5600; ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விட்டால், முகூர்த்தப் பட்டு ஷாட்டுக்கு ஷாட் வேறு புடவையாகத் தெரியும்.

பயிற்சிக்கு, மாலை வேளையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போங்கள். மைய மண்டபத்துடன் முழுக் குளம், படிக்கட்டு, நடந்து செல்லும் ஒருவர், சுண்டல் மடிக்கும் கைகள், அனுமதி பெற்று ஒரு முகம் என்று ஐந்து ஷாட் மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் பத்து விநாடி. கேமராவைத் திருப்பவும் கூடாது, ஜூம் செய்யவும் கூடாது. முதல் சில நாள்களில் கை தானாகவே ஜூமைத் தேடும். பத்து விநாடி முடியும் வரை அதை அசைய விடாதீர்கள்.