கழுத்து நெரிந்த ஈயக்குப்பி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில், நிலத்துக்காரரின் அனுமதியோடு, உழுத வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியுடன் நடப்பேன். பாதியாக வெட்டப்பட்ட வெள்ளிப் பென்னிக் காசு, இடுப்பு வாரை மாட்டும் சில பூட்டுகள், கழுத்து நெரிந்த சிறிய ஈயக்குப்பி ஆகியவை கிடைத்தன. பெரிய மதிப்பில்லை என்பதால் யாரிடமும் காட்டாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். பென்னியை எலுமிச்சைச் சாற்றால் கழுவலாமா? இன்னும் ஆழமாகத் தேடும் கருவி வாங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

எலுமிச்சை வேண்டாம். எதைக்கொண்டும் தேய்க்க வேண்டாம். பென்னி பாதியாக இருப்பதும் குறையல்ல. சில்லறைத் தேவைக்காக அன்று அப்படித்தான் வெட்டினார்கள்.

அந்தக் குப்பியை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! சில மாதங்களாக நான் இந்தக் குப்பிகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இடைக்கால யாத்திரிகர்கள் புனிதத் தலங்களிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்த குப்பிகள் இவை. லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த யாத்திரை வில்லைகளின் (யாத்திரிகர்கள் அடையாளமாக அணிந்தவை) முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். கால்நடையாகப் போய் வந்தவர்களின் களைப்பும் நம்பிக்கையும் அந்தத் தகரத் துண்டுகளில் ஒட்டியிருப்பதாகவே தோன்றியது. வில்லைகள் பெரும்பாலும் ஆற்றிலும் நகரங்களிலும் கிடைக்கின்றன. குப்பிகளோ வயல்களில் கிடைக்கின்றன. ஏன்?

விளைச்சலுக்காகத் தீர்த்தத்தை வயலில் தெளித்துவிட்டுக் குப்பியை அங்கேயே போட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல குப்பிகளின் கழுத்து வேண்டுமென்றே நெரிக்கப்பட்டோ கிழிக்கப்பட்டோ இருக்கிறது. எழுத்தறியாத ஓர் உழவன் தன் நிலத்துக்காகச் செய்த வேண்டுதல் இது. எந்த ஏட்டிலும் இது இல்லை. இந்த ஊகம் எப்படி வந்தது தெரியுமா? உங்களைப் போல வயலில் நடந்தவர்கள், ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றிய குப்பிகளைக்கூட, எடுத்த இடத்தோடு சேர்த்துச் சொன்னதால் வந்தது. பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைப் பதிவு செய்ய 1997இல் அங்கே தொடங்கிய திட்டத்தில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. உங்கள் குப்பி அதில் இல்லை!

மதிப்பில்லை என்று முடிவு செய்ய நீங்கள் யார்? உழுத மண்ணில் கிடக்கும் பொருளைச் சுற்றிச் சுவரோ தரையோ மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது இடம் ஒன்றுதான். அதையும் நீங்கள் பெட்டிக்குள் போட்டுத் தொலைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2015இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் ஊர் அருகே வைக்கிங் காலப் புதையலை எடுத்து மறைத்தவர்கள் 2019இல் சிறைக்குப் போனார்கள். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள். விசாரணையின்போது மீட்கப்பட்டிருந்தவை 31. உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை, நீங்கள் அனுமதி பெற்று நடப்பவர். 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் என்றால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டம் தனிக்காசுக்கும் ஈயக்குப்பிக்கும் பொதுவாகப் பொருந்தாது என்பதும் தெரியும். சட்டம் கேட்காவிட்டால் சொல்லவே கூடாதா?

நினைவு மங்குவதற்குள் அந்த வயலுக்குப் போங்கள். எந்த வரப்போரம், எந்த வேலியிலிருந்து எத்தனை அடி என்று வரைபடத்தில் குறியுங்கள். உங்கள் மாவட்டத்தில் நான் சொன்ன அந்தத் திட்டத்தின் பதிவு அலுவலரிடம் பெட்டியோடு போங்கள். ஆழமாகத் தேடும் கருவி வேண்டாம். உழவுமண்ணுக்குக் கீழே கலையாமல் இருப்பது அகழாய்வாளர்களுக்கானது. இப்போது வைத்திருப்பதே போதும்.

அன்புடன்.