லீவு நாளில் எங்கே போகலாம்? அமீரகத்துக் கேள்வி பதில்

துபாய், ஷார்ஜா, அபுதாபி பக்கம் வேலையில் இருந்துகொண்டு சனி ஞாயிறில் ஊர் சுற்ற நினைப்பவர்கள் கேட்டவை. மாலில் எந்தக் கடையில் தள்ளுபடி என்ற கேள்விகளை விட்டுவிட்டேன்.

அண்ணே, காரும் இல்லை, லைசென்ஸும் இல்லை. தேராவில் ரூம். ஒரே நாளில் போய் வர ஏதாவது சொல்லுங்க.

அல் ஐன் போங்க தம்பி. மெட்ரோ கிரீன் லைனில் அல் குபைபா இறங்கினால் பக்கத்திலேயே பஸ் ஸ்டேஷன். அங்கிருந்து இ201. ஒரு வழிக்கு 25 திர்ஹம். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், நோல் கார்டுதான். போக வர இரண்டுக்கும் காலையிலேயே ரீசார்ஜ் செய்துவிடுங்கள். மெட்ரோவுக்கும் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

அங்கே முதலில் ஒயாசிஸ். யுனெஸ்கோ பட்டியலில் 2011-ல் சேர்ந்த அல் ஐன் இடங்களில் இதுவும் ஒன்று, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஈச்சமரத் தோப்புக்குள் நடைபாதையிலேயே நடந்து போகலாம். போகும்போது காலடியில் ஓடும் குறுகலான வாய்க்காலைக் கவனியுங்கள். அதன் பெயர் ஃபலஜ். நிலத்தடி நீரைச் சரிவிலேயே கொண்டுவந்து, மடை திறந்து மூடி, ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை வைத்து விடுவார்கள். நம் ஊர் முறைப்பாசனமேதான். ஜெபல் ஹஃபீத் மலை உச்சியைப் பஸ்ஸை நம்பித் திட்டத்தில் சேர்க்காதீர்கள், அது கார் உள்ளவர்களுக்கு.

ஞாயிறு சாயங்காலம் திரும்பும் பஸ்ஸுக்கு வரிசை நீளும். கடைசி பஸ் வரை காத்திருக்காமல் அதற்கு இரண்டு பஸ் முன்னாடியே கிளம்புங்கள்.

ஹத்தா மலை ஊருக்கு இ44 சாலையில் நேராகப் போனால் திருப்பி அனுப்புறாங்களாமே?

ஆமாம். அந்தச் சாலை மதாம் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓமன் மண்ணில் ஓடுகிறது. செக்போஸ்ட்டில் நம்மைப் போன்ற வெளிநாட்டவரை விட மாட்டார்கள். மலீஹா பக்கம் இ102 சாலையைப் பிடித்து, முனையி வழியாகச் சுற்றிப் போங்கள். மேப் சில நேரம் குறுக்கு வழி என்று இ44-ஐயே காட்டும், நம்பாதீர்கள். கார் இல்லாதவர்களுக்கு துபாய் மாலிலிருந்து எச்02 பஸ், 25 திர்ஹம்.

மழை வரும்போது வாடியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஆசை. எந்த வாடி பெஸ்ட்?

எதுவும் இல்லை. வாடி என்பது காட்டாறு. மழை நேரத்தில் வாடி, அணை, தாழ்வான பகுதி அருகே கூடி நின்றாலே 1,000 திர்ஹம், 6 கரும்புள்ளி. வெள்ளம் ஓடும் வாடிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். 24 புள்ளியில் லைசென்ஸ் முடக்கம். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று.

எங்களிடம் எஸ்யூவி இருக்கு. பாலைவனத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாமா? ஆல் வீல் டிரைவ்தான்.

எஸ்யூவி என்பது வண்டி உடம்பின் வடிவம். மணலுக்கு வேண்டியது லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்), தரையிலிருந்து உயரம், காற்றுக் குறைத்த டயர். குடும்பக் கார்களில் வரும் ஆல் வீல் டிரைவில் பின்சக்கரத்துக்கு சக்தி ஒரு கிளட்ச் வழியாகப் போகும். மணலில் அது தொடர்ந்து வழுக்கினால் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளப் பின்சக்கரத்தைத் துண்டித்துவிடும். அப்புறம் உங்களிடம் இருப்பது முன்சக்கரம் மட்டும் சுழலும் கனமான கார்.

கெட்டியான மண் தடத்தில் போய் நின்று சூரியன் மறைவதைப் பார்க்க உங்கள் வண்டி போதும். மணல்மேடு ஏற வேண்டாம். சரியான வண்டி இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு வண்டி. சாலையில் 35 பி.எஸ்.ஐ இருந்தால் மணலில் 15 முதல் 18. டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜின் சக்தியைக் குறைக்கும், மேட்டின் பாதியில் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது நேராக இறங்குங்கள். குறுக்காக இறங்கினால் உருளும்.

15 எல்லாம் ரொம்பக் கம்மி சார். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 25 போதும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

25-ல் ஓடுகிறது என்றால் நீங்கள் ஓட்டியது மணல் இல்லை, மண் சாலை. காற்றைக் குறைப்பது டயரை அகலமாக்க என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் படியும் நீளம்தான் நன்றாகக் கூடும். அதே எடை அதிகப் பரப்பில் பரவுவதால் மணலைத் தோண்டாமல் மேலே ஏறிப் போகும். ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள்.

ரிம்மை விட்டுக் கழல்வது உண்மையான பயம்தான். அது 12-க்குக் கீழே போய், வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் நடப்பது. 15-ல் மெதுவாகத் திருப்புங்கள், ஒன்றும் ஆகாது.

அப்போ சப்காவிலும் 15 தானா?

சப்கா வேறு கதை. மேலே காய்ந்த உப்புத் தோல், அடியில் ஈரச் சேறு. தோல் உடைந்தால் எந்தக் காற்றழுத்தமும் காப்பாற்றாது. வெண்மையாகத் தட்டையாகத் தெரியும் இடத்தில் பழைய தடத்தை விட்டு விலகாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்தால் போச்சு. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கயிற்றை எங்கே கட்டுவீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவு பேச்சு. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டு மாதிரிப் பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். சேஸிஸில் இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

இழுப்பதற்கு முன்னால்: வண்டி நின்றதும் ஆக்ஸிலேட்டரை விடுங்கள். முறுக்க முறுக்கப் புதையும். வயிற்றுக்கு அடியிலும் சக்கரத்துக்குப் பின்னாலும் மணலை அள்ளுங்கள், காற்றை 12-க்கு இறக்குங்கள், வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். பாதிப் பேருக்குக் கயிறே தேவைப்படாது.

மழை நின்றுவிட்டது, வெயில் அடிக்கிறது. இப்போ வாடிக்குப் போகலாம்தானே?

மேலே சொல்லியாகிவிட்டது. காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். வாடிகள் இறங்கி வரும் மலைத்தொடரின் பெயர் ஹஜர், அரபியில் கல் என்று பொருள். அந்த மலையில் தண்ணீரை உறிஞ்ச மண்ணும் இல்லை, மரமும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் பெய்தது, நீங்கள் வெயிலில் நிற்கும் இடத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்து ஒரே சுவராக வரும். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254 மி.மீ. பெய்தது. வறண்ட நாடு என்ற நினைப்பை அதோடு விட்டுவிடுங்கள்.

அப்பா அம்மா விசிட் விசாவில் வந்திருக்காங்க. முசந்தமில் படகில் டால்ஃபின் காட்டலாமா?

முசந்தமில் கஸப் ஊரிலிருந்து கிளம்பும் படகுப் பயணம் அருமைதான். மலைக்கு நடுவே கடல், 1860-களில் தந்தி நிலையம் இருந்த டெலிகிராஃப் தீவு, எல்லாம் ஒரே படகில் வரும். ஆனால் அது ஓமன். அவர்களுடைய விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று முதலில் பாருங்கள் அக்கா. ஒருமுறை என்றால் எல்லையைத் தாண்டியதோடு அது முடிந்தது, திரும்பி வரப் புது விசா வேண்டும். உங்களுக்கு முல்கியா (வண்டியின் பதிவு அட்டை), ஓமனையும் சேர்த்த இன்ஷூரன்ஸின் ஆரஞ்சு கார்டு இரண்டும் கையில் இருக்கணும். வாடகைக் கார் என்றால் கம்பெனியிடமிருந்து என்.ஓ.சி. கடிதம்.

விசிட் விசாவை எப்படி நீட்டிப்பது?

என் துறை இல்லை. டைப்பிங் சென்டரில் கேளுங்கள்.

அபுதாபி இந்துக் கோயிலுக்குத் திங்கள் லீவு போட்டுப் போகலாம்னு இருக்கோம், கூட்டம் இருக்காதுல்ல?

கூட்டம் இருக்காது, கோயிலே மூடியிருக்கும். திங்கள் விடுமுறை. முன்பதிவு செய்துவிட்டு, கழுத்திலிருந்து முழங்கை, கணுக்கால் வரை மூடிய உடையில் போங்கள். எமிரேட்டுக்கு ஒன்றாக ஏழு கோபுரங்கள். துபாயிலிருந்து காரில் போகிறவர்கள், அபுதாபி எல்லை தாண்டியதும் பலகையில் 140 என்றால் 140 தான். துபாயில் கிடைக்கும் 20 கி.மீ. சலுகை அங்கே 2018-லிருந்து இல்லை.

குளிருக்கு டென்ட்டுக்குள்ளே பார்பிக்யூ அடுப்பைக் கொஞ்ச நேரம் வைத்தால்?

வைக்காதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை இல்லை, தூக்கம் வரும், எழுந்திருக்க மாட்டீர்கள். குழந்தைகள் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

எங்க வண்டி ஜீப் சார், வாடியில் கொஞ்சம் தண்ணீர்...

இல்லை.

நான்தான் 25 ஆள். சரி, 16 வைத்துப் பார்க்கிறேன். ஆனால் திரும்பும்போது சிகரெட் லைட்டரில் மாட்டினால் கம்ப்ரசர் பாதியிலேயே நின்றுவிடுகிறதே?

ஃபியூஸ் போயிருக்கும். அந்த சாக்கெட் பெரும்பாலும் 10, 15 ஆம்பியருக்குத்தான். பெரிய கம்ப்ரசர் அதைவிட அதிகம் இழுக்கும். பானெட்டைத் திறந்து பேட்டரியிலேயே நேராக கிளிப் மாட்டுங்கள், இன்ஜின் ஓடட்டும். நாலு டயருக்கும் அரை மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாமல் 16-லேயே தார்ச்சாலை ஏறி 100-ல் போனால் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கும். கிளம்பும் முன் டயர் ஓரத்து நாலு எண்ணையும் பார்த்துவிடுங்கள்: 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டியிருந்தால் முதலில் டயர் கடைக்குப் போங்கள், மணல் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.