கம்பெனியே கூப்பிட்டும் விசா ஏன் மறுக்கப்படுகிறது?

கேள்வி: என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெக்கானிக்கல் டிசைன் வேலை பார்க்கிறார். பிரிட்டனில் ஒரு சின்ன கம்பெனி ஸ்பான்சர் செய்து சீனியர் டிசைன் இன்ஜினியர் வேலை கொடுத்தது. விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது. ‘இந்த வேலைக்கான அனுபவம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை, கம்பெனிக்கு இப்படி ஒரு ஆள் தேவையா என்பதும் சந்தேகம்’ என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். ஏஜென்ட் மூன்று லட்சம் கொடுத்தால் அடுத்த வாரமே மறுபடி போடலாம், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரையும் தானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வீட்டில் எல்லோரும் என் கணவரைத்தான் திட்டுகிறார்கள். பழைய லெட்டரின் நகலை இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: அன்புச் சகோதரி, அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

வேலை கொடுப்பது கம்பெனி, விசா கொடுப்பது பிரிட்டிஷ் உள்துறை. ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட், அதாவது இவருக்கு வேலை தருகிறோம் என்று கம்பெனி கொடுக்கும் சான்று, வந்துவிட்டால் பாதி தூரம்தான் தாண்டியிருக்கிறோம். அதன் பிறகு அதிகாரி கம்பெனியையும் சோதிக்கிறார், உங்கள் கணவரையும் சோதிக்கிறார். உங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டு பக்கமுமே குறை சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் பழி முழுவதையும் அவர் தலையில் போடுவது நியாயமே இல்லை.

கம்பெனி பக்கம் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் நம் கண்ணுக்கே வராது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொழில் குறியீட்டு எண் உண்டு. செய்யப்போகும் வேலை ஒன்று, போட்ட எண் வேறொன்று என்றால் மறுப்புதான். சம்பளத்துக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்ட். அந்தத் தொழிலுக்கான சம்பள விகிதம் இதைவிட அதிகமாக இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஓவர்டைம், வீட்டு வாடகை அலவன்ஸ் எதையும் இதில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. சின்ன கம்பெனி என்றால், இவ்வளவு சம்பளத்தில் ஒரு சீனியர் டிசைனருக்கு அங்கே வேலை இருக்கிறதா, இருக்கிற ஆட்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் போடுகிறார்களா என்றெல்லாம் கேள்வி வரும். இதற்கெல்லாம் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவர் கையில் இருப்பது அந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். நகலைப் படித்தேன். மொத்தமே மூன்று வரி. பெயர், சேர்ந்த தேதி, ‘நல்ல நடத்தை உள்ளவர்’. பதவி வெறும் ‘இன்ஜினியர்’. என்ன டிசைன் செய்தார், எந்த சாஃப்ட்வேரில் செய்தார், அவருக்குக் கீழே யாராவது வேலை பார்த்தார்களா, ஒன்றுமே இல்லை. லெட்டர்ஹெட்டில் ஒரே ஒரு லேண்ட்லைன் நம்பர். அதில் இன்னமும் யாராவது எடுக்கிறார்களா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கோ உட்கார்ந்து இந்தத் தாளைப் படிக்கிறவருக்கு இவர் சீனியர் டிசைனர் என்று எப்படித் தெரியும்?

முதலாளியிடம் போய் உண்மையில் செய்த வேலையை விவரமாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஜிக், ஃபிக்ஸ்சர் (பாகங்களைப் பிடித்து நிறுத்தும் கருவிகள்) வரைந்திருந்தால் அதையும், ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற டிசைன் சாஃப்ட்வேர் தெரியும் என்றால் அதையும் எழுதட்டும். கையெழுத்துப் போடுகிறவரின் மொபைல் நம்பரும் கம்பெனி மெயில் ஐடியும் இருக்கட்டும். பி.எஃப். பாஸ்புக், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் விழுந்த வரி எல்லாம் அதே தேதிகளோடு ஒத்துப்போக வேண்டும்.

ஏஜென்ட் தருவதாகச் சொல்லும் லெட்டர் வேண்டவே வேண்டாம், அம்மா. பொய் ஆவணம் என்று கண்டுபிடித்தால் பத்து வருடம் வரை பிரிட்டன் விசா கிடையாது. இந்த மறுப்பை அடுத்த விண்ணப்பத்தில் மறைத்தாலும் அதே ஆபத்துதான்.

இன்னொன்று, கல்லூரியில் இங்கிலீஷ் மீடியம் என்று வாங்கிய சான்றிதழ் மட்டும் ஆங்கிலத் தகுதிக்குப் போதாது. வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் எக்டிஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் உறுதிக் கடிதமோ, பிரிட்டிஷ் உள்துறை அங்கீகரித்த ஆங்கிலத் தேர்வோ வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்த 28 நாளுக்குள் 80 பவுண்ட் கட்டி மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் கொடுத்த காகிதங்களை அதிகாரி தவறாகப் பார்த்திருந்தால்தான் அது பலிக்கும். புதிய லெட்டரை அங்கே பொதுவாக ஏற்க மாட்டார்கள். உங்கள் விஷயத்தில் காகிதமே பலவீனம், அதனால் புது விண்ணப்பம்தான் சரி. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தில் போட்ட ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் செத்துப்போன சர்டிபிகேட். புதிதாகக் கம்பெனிதான் போட்டுத் தர வேண்டும், அந்தச் செலவையும் அவர்கள்தான் ஏற்க வேண்டும், வேலைக்கு வருகிறவரிடம் வசூலிக்கக் கூடாது. அப்புறம் எதற்கு மூன்று லட்சம்? நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த ஆள்சேர்ப்பு ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. உங்கள் ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

விசா விண்ணப்பத்தோடு முன்பே கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும். விசா கட்டணம் வராது.

இன்றைக்கே உங்கள் கணவர் அந்தக் கம்பெனிக்கு நேரடியாக மெயில் போடட்டும். எந்தக் குறியீட்டு எண் போட்டீர்கள், உள்துறையிலிருந்து உங்களிடம் ஏதாவது கேட்டார்களா, புது சர்டிபிகேட் தருவீர்களா? இந்த மூன்றும் போதும். நேரான பதில் வந்தால் மேலே போகலாம். ஏஜென்டைக் கேளுங்கள் என்று நழுவினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எது எப்படியோ, விசா கைக்கு வரும்வரை அம்பத்தூர் வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம்.